ஸ்லோ லோக்கல்

ஏழு ஐம்பத்திரண்டு ஃபாஸ்ட் வண்டியை
இன்றைக்கும் விட்டுவிட்டேன்.
"மேடத்துக்கு நேரம் கொட்டிக் கிடக்கு"
மராத்தியில் கத்திக்கொண்டே போகிறாள் வைஜயந்தி.
முலுண்டு நடைமேடையில்
அடுத்த ஸ்லோவுக்கு நிற்கிறேன்.

ஃபாஸ்ட், குர்லாவை விட்டால் தாதரில்தான் மூச்சு விடும்.
நடுவில் சயானும் மாட்டுங்காவும்
ஜன்னலில் ஓடிப்போகும்
தத்தம் கழிவறைகளோடு.

பாண்டுப்பில் தாழ்ப்பாள் இல்லை,
கைப்பையை முட்டுக்கொடுக்க வேண்டும்.
விக்ரோலியில் எட்டு மணிக்குமேல்தான் தண்ணீர்.
காட்கோபரில் முன்னால் நாலு பேர் நின்றால்
நாலு யுகம்.
பழைய மாத்திரை டப்பா நிறைய
இரண்டு ரூபாய் நாணயம் வைத்திருக்கிறேன்.

நோய் என்றே முதலில் நினைக்கவில்லை.
எங்கள் பாஷை என்னை ஏமாற்றிவிட்டது.
பயந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும்,
பிள்ளைக்கு ஒன்றென்றால் பெற்ற வயிறு பிசையும்.
எல்லாருக்கும் உள்ளதுதானே என்றிருந்தேன்.
ஆடிட் வாரத்தில்
நிஜமாகவே கரைந்தது, ஒரே நாளில் ஐந்து முறை.
அப்புறம் நாலு நாள் கல்.
போய் வந்தும்
போய் வராத மாதிரி.
காலையில் கட்டிய பாவாடை நாடா
மதியம் இடுப்பை அறுக்கும்.
ரயிலில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்து
"எத்தனாவது மாசம்?" என்றாள்.
எனக்கு நாற்பத்தொன்று.
ஏழாவது என்று சொல்லி
உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். குழாய் விட்டுப் பார்த்தார்கள்.
எல்லாம் நார்மல்.
"அப்ப ஒண்ணுமில்லைல்ல" என்றார் தேவசகாயம்
டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே.
அந்த ஒன்றுமில்லாததோடு
இரவு பாத்திரம் கழுவினேன்.

டாக்டர் சப்னிஸ்தான் ரிப்போர்ட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.
ராத்திரி தூக்கத்தைக் கலைக்கிறதா? இல்லை.
ரத்தம்? இல்லை.
எடை குறைகிறதா? குறைந்தால் தேவலை.
அவர் சிரிக்கவில்லை.
போய்விட்டு வந்தால் வலி அடங்குகிறதா?
அங்கேதான் அழுதேன்.
ஆறு மாதத்தில் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை.

நாலு வாரம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்.
கணக்கெழுதிப் பிழைக்கிறவளுக்கு
நோட்டா கஷ்டம்?
இடப்பக்கம் உள்ளே போனவை.
வலப்பக்கம் வெளியே வந்தவை, வராதவை.
வடாபாவ். கட்டிங் சாய் மூன்று. சளி போல வெள்ளையாக.
இருபதாம் தேதி ஜிஎஸ்டி கெடு: நான்கு முறை.
ஞாயிறு: ஒன்றுமில்லை.
ஞாயிறு: ஒன்றுமில்லை.
ஞாயிறு, நாத்தனார் வருகை: மூன்று முறை.

டேலி ஆயிற்று.
கெடுவும், நாத்தனாரும், பாலும்.
நல்ல செய்தி கேட்டால்
வயிற்றில் பால் வார்த்த மாதிரி என்போமே,
அந்தப் பால்.

நீளமான பெயர், மூன்றெழுத்துச் சுருக்கம்.
நோட்டின் கடைசிப் பக்கத்தில்
தமிழில் எழுதிப் பார்த்தேன்: ஐபிஎஸ்.
லத்தியும் தொப்பியுமாக
நிமிர்ந்து நின்றது.
கொல்லாது, கூடவே இருக்கும் என்றார் டாக்டர்.
அது எனக்குப் பழக்கம்தான்.

இன்று காஞ்சூர்மார்க்கில் ஏறினாள் ஒரு பெண்.
கழுத்தில் அடையாள அட்டை,
இடது அடிவயிற்றில் உள்ளங்கை.
கம்பார்ட்மெண்டே போனைப் பார்க்க
அவள் கதவுக்குமேல் இருந்த
ஸ்டேஷன் வரிசையைப் பார்த்தாள்.
உதடு எண்ணியது.
மேலுதட்டில் வியர்வை, மின்விசிறிக்கு நேர்கீழே.

தோள்களை இடித்துப் பக்கத்தில் போனேன்.
"காட்கோபரில் இறங்காதே, கூட்டம்.
வித்யாவிஹார், படிக்கட்டுக்குப் பின்னால்.
இன்னும் மூணு நிமிஷம். தாங்குவியா?"
என் ஓட்டை இந்தியில் கேட்டேன்.
பையைத் துழாவியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
அப்புறம் கையை நீட்டினாள்.
நாணயம் சில்லென்றிருந்திருக்கும்.

இறங்கிப் போனாள்,
ஓடாமல் ஓடும் அந்த நடையில்.
வண்டி நகர்ந்தது.
குர்லா வரை அவளுக்காக எண்ணிக்கொண்டு வந்தேன்.
சயான் தாண்டித்தான் கவனித்தேன்,
என் வயிறு
இதுவரை வாயே திறக்கவில்லை.